ஆளில்லா அறையில் எரியும் விளக்கு

ஆள் இல்லாத காரியாலயத்தில் விளக்கு எரியக்கூடாது. அதை அணைக்கும் பொறுப்பும் மனிதர்களின் ஞாபகத்தைச் சார்ந்திராமல் ஒரு கருவியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இது ஏதோ அன்னிய தேசத்துப் புதுமை அல்ல. நமது தேசத்திலேயே 2007-ம் வருஷம் முதல் ஏட்டில் இருந்துவரும் விதி. எரிசக்திச் சிக்கனக் கட்டிட விதி என்ற பெயரால் இந்திய சர்க்கார் அவ்வருஷம் மே மாதத்தில் வெளியிட்ட நூலில் அதைக் காணலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடங்களில் உள் விளக்குகளுக்குத் தானே இயங்கும் கருவி இருக்க வேண்டும். 30 சதுர மீட்டருக்குக் குறைந்த மூடிய அறைகளிலும், ஆலோசனைக் கூடங்களிலும், சாமான் அறைகளிலும் ஆள் நடமாட்டத்தை அறியும் சென்சார் வைக்க வேண்டும் என்று அது விதித்தது. மற்ற இடங்களில், குறித்த நேரத்தில் அணைக்கும் கடிகார ஏற்பாடாவது, ஆள் போன 30 நிமிஷத்துக்குள் அணைக்கும் சென்சாராவது வேண்டும் என்றது. 2017-ம் வருஷத்துத் திருத்தத்தில் இவ்விதி இன்னும் இறுக்கப்பட்டது. 500 சதுர மீட்டர் 300 ஆயிற்று. 30 நிமிஷம் 15 ஆயிற்று.

விதி எழுதிப் பதினெட்டு வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனால் நமது நகரங்களில் இரவு பத்து மணிக்கு மேல் பெரிய காரியாலயங்கள் நிறைந்த வீதியொன்றில் நடந்து செல்பவர் கண்ணாடிச் சுவர்களுக்கு அப்பால் என்ன காண்கிறார்? வரிசை வரிசையாக நாற்காலிகள், உட்கார ஒருவருமில்லை, எல்லாவற்றுக்கும் மேலே பட்டப்பகல் போல விளக்கு. சில மாடிகளில் இரவு வேலை நடப்பது உண்மையே. அவற்றைப் பற்றி நாம் பேசவில்லை. ஒருவருமில்லாத மாடிகளைப் பற்றியே பேசுகிறோம்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம், விளக்குக்கு உரிய பணத்தை அந்தக் கம்பெனியே கட்டுகிறதே என்று கேட்பவர் உண்டு. அக்கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. முதலாவது, நமது தேசத்து மின்சாரத்தில் பெரும் பகுதி இன்னமும் நிலக்கரியை எரித்தே உற்பத்தியாகிறது. பகலில் சூரிய ஒளியிலிருந்து கிடைக்கும் மின்சாரம் இப்போது கணிசமாகப் பெருகியிருக்கிறது என்றாலும், மாலை மயங்கியதும் அது நின்றுவிடுகிறது. வீடுகளில் விளக்கும் விசிறியும் ஏர்கண்டிஷனும் ஒருங்கே இயங்கத் தொடங்கும் வேளையும் அதுவே. மின்சாரம் மிக அரிதாகவும், ஆகவே அதிகக் கிரயமுள்ளதாகவும் இருக்கும் அந்த நேரத்தில்தான் காரியாலயங்களிலிருந்து ஜனங்கள் வெளியேறுகிறார்கள். விளக்குகள் மட்டும் பின்தங்கி விடுகின்றன. எனவே இங்கே விரயமாகும் ஒவ்வொரு யூனிட்டும் நாளின் மற்ற யூனிட்டுகளைவிட விலை உயர்ந்தது. இரண்டாவது விடை சிறிது கணக்குப் பார்த்தால் விளங்கும்.

நூறு விளக்குகள் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். பழைய இரட்டைக் குழல் விளக்குகளாயிருந்தால் சோக் உட்பட விளக்கு ஒன்றுக்குச் சுமார் 80 வாட். ஆக 8 கிலோவாட். தினம் மூன்று மணி நேரம் வீணாக எரிகிறது என்றும், வருஷத்துக்கு 250 வேலை நாட்கள் என்றும் கொண்டால் 6,000 யூனிட் விரயம். அதே கூடத்தில் 36 வாட் எல்.ஈ.டி. விளக்குகளைப் போட்டால் விரயம் 2,700 யூனிட்டாகச் சுருங்குகிறது. யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 24,300 ரூபாய். நூறு பேர் வேலை செய்யக்கூடிய கூடத்தின் முதலாளிக்கு ஒரு வருஷத்தில் இந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல. ஒரு குமாஸ்தாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாது. ஆகவே தம் நன்மையை உத்தேசித்து அவரே விளக்கை அணைப்பார் என்று காத்திருப்பது வீண். தனித்தனியே பார்த்தால் யாரையும் உறுத்தாத நஷ்டம், தேசம் முழுவதிலுமுள்ள கூடங்களைக் கூட்டிப் பார்க்கும்போது புதிய மின்சார நிலையம் கட்டும் பிரச்னையாகிவிடுகிறது. சட்டம் தலையிட வேண்டிய இடம் இதுதான்.

எல்.ஈ.டி. விளக்கு வந்தபின் இந்தக் கருவிகளால் வரும் ஆதாயம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. 2015-ம் வருஷத்தில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்படி 36 கோடிக்கு மேற்பட்ட எல்.ஈ.டி. பல்புகள் வினியோகிக்கப்பட்டன. பல்பை மாற்றுவது எளிது. அதற்கு யாருடைய பழக்கமும் மாற வேண்டியதில்லை. விளக்கு யாருடையது என்ற வழக்கும் எழுவதில்லை. காரியாலய விளக்கிலோ தொல்லையெல்லாம் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

பழக்கத்தைப் பற்றி முதலில் சொல்வோம். பிரிட்டனில் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹன்ட் என்பவர், காரியாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஜனங்கள் விளக்கை எப்போது ஏற்றி எப்போது அணைக்கிறார்கள் என்று கவனித்து 1979-ம் வருஷத்தில் தமது முடிவுகளை வெளியிட்டார். அறைக்குள் நுழையும்போது வெளிச்சம் போதவில்லையென்றால் விளக்கை ஏற்றுகிறார்கள். பிறகு வெயில் எவ்வளவு ஏறினாலும் அதைத் தொடுவதில்லை. பலர் சேர்ந்து வேலை செய்யும் கூடத்தில் கடைசி ஆள் போகும்வரை விளக்கு அணைவதில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் எழுந்து சென்று விளக்கை அணைத்தால், மற்ற ஒன்பது பேரின் சௌகரியத்தில் தலையிட்டவராகிறார். அந்தப் பொல்லாப்பு எதற்கு என்று ஒவ்வொருவரும் சும்மா இருக்கிறார்கள். வீட்டில் ஒற்றை விளக்குக்குக் கணக்குப் பார்க்கும் அதே மனிதர்தான் காரியாலயத்தில் நூறு விளக்குக்குக் கீழே கண்ணை மூடிக்கொள்கிறார். அவர் ஊதாரி அல்ல. பொது விளக்குக்கு அவர் சொந்தக்காரர் அல்ல, அவ்வளவே.

ஆகவே கருவி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எப்படிப்பட்ட கருவி? இங்கேதான் நமது எஞ்சினீயர்களும் காண்டிராக்டர்களும் ஜனங்களின் பொறுமையைச் சோதித்திருக்கிறார்கள்.

சில காலத்துக்கு முன் ஒரு காரியாலயத்துக்கு நாம் ஒரு காரியமாகப் போயிருந்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். சிறிய ஆலோசனை அறையொன்றில் நம்மை உட்கார வைத்து ஒரு தஸ்தாவேஜைப் படிக்கக் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து அறை இருண்டுவிட்டது. மின்சாரம் நின்றதோ என்று நாம் எழுந்தோம். உடனே விளக்கு எரிந்தது. உட்கார்ந்து மறுபடி படித்தோம், மறுபடி இருள். வாசலில் நின்ற சிப்பந்தி சிரித்துக்கொண்டே, "அடிக்கடி கையை ஆட்டிக்கொண்டிருங்கள் ஐயா, இங்கே எல்லாரும் அப்படித்தான்" என்றார். அடுத்த அறையில் இதற்கு இன்னும் சுலபமான பரிகாரம் கண்டிருந்தார்கள். விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேயிருக்கும்படி சென்சார் இருந்த பெட்டியின் இணைப்பையே கழற்றிவிட்டிருந்தார்கள்.

குற்றம் கருவியின் தத்துவத்தில் இல்லை. சாதாரணமாக வைக்கப்படும் சென்சார் மனித தேகத்திலிருந்து வெளிப்படும் உஷ்ணக் கதிர்களை உணர்வது. அதன் முகத்திலுள்ள கண்ணாடி அறையைப் பல கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. உஷ்ணமுள்ள உருவம் ஒரு கூறிலிருந்து இன்னொரு கூறுக்கு நகர்ந்தால்தான் ஆள் இருப்பதாக அது அறியும். அசையாமல் உட்கார்ந்து கணக்கெழுதுபவர் அதன் கண்ணுக்கு இல்லாதவரே. நடுவே ஒரு தட்டி மறைத்தாலும் அதற்குத் தெரியாது. காதுக்குக் கேளாத ஒலியலையை அனுப்பி அதன் எதிரொலியால் அசைவை அறியும் வேறொரு வகை உண்டு. அது தட்டிக்கு அப்பாலும் சிறிய அசைவையும் கண்டுகொள்ளும். ஆனால் ஏர்கண்டிஷன் காற்றில் திரை ஆடினாலும் ஆள் வந்ததாக எண்ணி ஏமாந்துபோகும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த கருவியும் கிடைக்கிறது. விலை சற்று அதிகம். எந்த அறைக்கு எது தகும், எந்த இடத்தில் பொருத்துவது, எத்தனை நிமிஷம் பொறுத்து அணைப்பது என்று யோசித்துச் செய்வதற்குப் பதிலாக, விலை குறைந்த ஒன்றைக் கூரையின் மத்தியில் ஒட்டி, ஐந்து நிமிஷம் என்று வைத்துவிட்டுப் பில்லை வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாற்காலி மேஜைகள் பிறகு வருகின்றன. தட்டிகள் அதற்கும் பிறகு.

ஜன்னல் வெளிச்சத்தின் அளவுக்குத் தக்கபடி விளக்கைத் தாழ்த்தும் கருவியின் கதி இதனினும் பரிதாபம். நான்கு புறமும் கண்ணாடியால் கட்டிவிடுகிறார்கள். மேற்கு வெயில் மேஜைமேல் விழுந்ததும் உள்ளே இருப்பவர்கள் திரையை இழுத்து மூடுகிறார்கள். அறை இருண்டதென்று விளக்கை முழுதும் ஏற்றுகிறார்கள். அந்த விளக்கின் சூட்டையும் வெயிலின் சூட்டையும் சேர்த்து வெளியேற்ற ஏர்கண்டிஷன் பாடுபடுகிறது. மூடிய திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு அந்தக் கருவி என்னதான் செய்யும்? ஜன்னலை எங்கே வைப்பது, நிழலை எப்படி அமைப்பது என்று யோசிக்காத கட்டிடத்தில் வெளிச்சம் அளக்கும் கருவி வெறும் அலங்காரமே.

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தனது புது மாளிகையைக் கட்டியபோது இதில் காட்டிய ஜாக்கிரதை குறிப்பிடத்தக்கது. 2007-ம் வருஷத்தில் அவர்கள் அதில் குடியேறினார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, வரப்போகும் காரியாலயத்தின் ஒரு பகுதியை அதே அளவில் மாதிரியாகக் கட்டி, திரைகளையும் விளக்குகளையும் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆராய்ச்சிக்கூடத்தாரின் உதவியோடு மாதக் கணக்கில் பரீட்சித்துப் பார்த்தார்கள். எதை வாங்குவது என்ற தீர்மானம் அதற்குப் பிறகுதான். நமது பத்திரிகைக்கு அப்படிப்பட்ட மாளிகையும் இல்லை, அந்தக் கவலையும் இல்லை. ஆனால் கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டுபவர்களுக்கு இந்தப் பொறுமை இருந்தால் என்ன?

அதே ஆராய்ச்சிக்கூடத்தார் பல கட்டிடங்களில் பலர் செய்த சோதனைகளைத் திரட்டி 2012-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கொன்று இருக்கிறது. ஆள் இல்லாதபோது அணைக்கும் கருவியால் விளக்கு மின்சாரத்தில் சராசரி நூற்றுக்கு 24 மிச்சம். பகல் வெளிச்சத்துக்கேற்பத் தாழ்த்தும் கருவியால் 28. இவை எதிர்பார்க்கக்கூடியவையே. ஆனால் அங்கே உட்கார்ந்து வேலை செய்பவரே தம் விளக்கைத் தமக்கு வேண்டிய அளவுக்குத் தாழ்த்திக்கொள்ளும் வசதி கொடுத்த இடங்களில் மிச்சம் 31. தேவைக்கு மேல் பிரகாசமாயிருந்த விளக்குகளை நிர்வாகத்தார் ஒரு முறை அளந்து தாழ்த்தி வைத்த இடங்களில் 36. கடைசி இரண்டு வகையில் சோதனைகள் குறைவு என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆயினும் இவை காட்டும் திசை தெளிவானது. மனிதனைச் சந்தேகித்து வைத்த கருவியைக் காட்டிலும், மனிதன் கையில் கொடுத்த கருவி குறைவாகச் சேமிக்கவில்லை. பகல் வெளிச்ச விஷயத்தில், காகிதத்தில் கணக்குப் போட்டவர்கள் சொன்ன மிச்சத்துக்கும் கட்டிடத்தில் உண்மையாகக் கிடைத்ததற்கும் நல்ல வித்தியாசம் இருந்தது என்றும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். காண்டிராக்டர்களின் விளம்பரங்களைப் படிப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைப்பது நலம்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது: ஏற்றுவது மனிதன் கையில் இருக்கட்டும், அணைப்பதை மட்டும் கருவியிடம் விடுங்கள். அறைக்குள் நுழைந்தவுடன் வேண்டாவிட்டாலும் எல்லா விளக்கும் தாமே எரியும்படி அமைப்பது சிக்கனம் அல்ல, விரயத்துக்கு இன்னொரு வழி. காகிதம் எடுக்க ஒரு நிமிஷம் வந்தவருக்கும், ஜன்னல் வெளிச்சமே போதும் என்று நினைப்பவருக்கும் விளக்கு எதற்கு? அமெரிக்காவில் பல ராஜ்யங்கள் பின்பற்றும் ஆஷ்ரே சங்கத்தின் 2010-ம் வருஷத்து விதி, பொதுவாக விளக்கைக் கையால் ஏற்ற வேண்டும், தானே எரிவதானால் பாதிச் சக்திக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லியது. நமது விதியிலும் சென்சார் உள்ள அறையின் சுவரில் கையால் அணைக்கும் ஸ்விட்ச் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எத்தனை இடங்களில் அந்த ஸ்விட்ச் இருக்கிறது என்று போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, விளக்கு யாருடையது என்ற வழக்கு. நமது பெரிய நகரங்களில் காரியாலயக் கட்டிடங்களில் பல வாடகைக்கு விடுவதற்காகவே கட்டப்படுபவை. கட்டுபவர் ஒருவர், அதில் குடியேறி உள்வேலைகளும் விளக்கும் போடுபவர் வேறொருவர், மின்சாரப் பணம் கட்டுபவர் பெரும்பாலும் இரண்டாமவர். நல்ல கருவி வைத்தால் செலவு முதல்வருக்கு, மிச்சம் இரண்டாமவருக்கு. ஆகவே முதல்வர் வைக்கமாட்டார். இரண்டாமவரோ சில வருஷ வாடகைக்கு வந்தவர். நாளை விட்டுப்போகும் இடத்தில் அவர் ஏன் பணம் புதைக்கிறார்? சட்டமோ கட்டிடத்தின் வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது பார்க்கிறது. அந்தச் சமயத்தில் விளக்கே இல்லை! வெறும் தூண்களையும் தளங்களையும் பார்த்து, விளக்கு விதி அனுசரிக்கப்படும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். விளக்கு வந்தபின் போய்ப் பார்க்க ஒருவரும் இல்லையென்றால் விதியால் பிரயோஜனம் என்ன?

அன்றியும் நமது விதி புதுக் கட்டிடங்களையும், பெரிய அளவில் புதுப்பிக்கப்படுபவற்றையுமே முக்கியமாகக் கருதுகிறது. முன்பே கட்டி நிற்பவை தப்பித்துக்கொள்கின்றன. நியூயார்க் நகரசபை 2009-ம் வருஷத்தில் செய்த 88-வது உள்ளூர்ச் சட்டம் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்க முயன்றது. 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட பழைய கட்டிடங்களும் 2025-ம் வருஷ ஆரம்பத்துக்குள் விளக்குகளையும் அவற்றின் கருவிகளையும் அக்காலத்து விதிக்குச் சமமாக்க வேண்டும். வாடகைக்கு இருக்கும் பெரிய கம்பெனிகளுக்குத் தனித்தனி மீட்டர் வைத்து, அவரவர் செலவை அவரவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2016-ம் வருஷத்தில் 50,000 சதுர அடி என்பதை 25,000 ஆகக் குறைத்தார்கள். பதினைந்து வருஷ அவகாசம் அதிகமே. ஆனால் பழைய கட்டிடத்தையும், குடியிருப்பவரின் மீட்டரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான் அதில் நாம் கவனிக்க வேண்டியது.

பிரான்ஸ் தேசத்தில் இன்னும் எளிய வழியைப் பிடித்தார்கள். 2013 ஜூலை முதல் தேதியிலிருந்து, வேலைசெய்யும் இடங்களின் உள் விளக்குகளைக் கடைசி ஆள் போன ஒரு மணி நேரத்துக்குள் அணைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. கருவியாலோ கையாலோ, அது அவர்கள் பாடு. உத்தரவு மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்கலாம். பார்வையிடுபவர் இல்லாவிட்டால் போதாதுதான். ஆனால் தெருவில் நிற்கும் எவரும் அண்ணாந்து பார்த்தாலே மீறுவோரைக் கண்டுகொள்ளலாம் என்ற ஒரு சௌகரியம் அதில் இருக்கிறது.

நமது நிலைமைக்கு வருவோம். 2001-ம் வருஷத்து எரிசக்திச் சிக்கனச் சட்டத்தின்படி விதியை வகுப்பது மத்திய சர்க்கார். தத்தம் பிரதேசத்துக்கு ஏற்பத் திருத்தி அமுலுக்குக் கொண்டுவருவது ராஜ்ய சர்க்கார்கள். வரைபடத்தைப் பார்த்து அனுமதி கொடுப்பது நகரசபைகள். மூன்று கை மாறுவதற்குள் விதி தேய்ந்துவிடுகிறது. 2007-ல் வெளியானபோது அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சில ராஜ்யங்கள் சில வருஷங்களில் ஏற்றன. சில பத்து வருஷம் கழித்து ஏற்றன. ஹைதராபாத்தில் அதைக் கட்டிட அனுமதியோடு பிணைத்தார்கள். மற்ற நகரங்கள் அதைப் பார்த்தாவது செய்திருக்கலாம். 2022 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய திருத்தச் சட்டம் 2023 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்தது. 100 கிலோவாட் இணைப்பு அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை உள்ள கட்டிடங்களுக்கு விதி என்ற வரம்பை, ராஜ்ய சர்க்கார்கள் விரும்பினால் இன்னும் குறைத்துக்கொள்ளும் அதிகாரத்தை அது அளித்திருக்கிறது. அதிகாரம் இல்லை என்ற சாக்கு இனி எந்த ராஜ்யத்துக்கும் கிடையாது.

சர்க்கார் மற்றவர்களுக்கு விதி செய்வதற்கு முன் தன் வீட்டைப் பார்க்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல உதாரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். டெல்லியில் சுற்றுச்சூழல் மந்திரி காரியாலயத்துக்காகக் கட்டப்பட்டு 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவனில், விளக்குகளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 வாட்தான் ஒதுக்கினார்கள். 2007-ம் வருஷத்து விதியோ காரியாலயங்களுக்குச் சுமார் 11 வாட் வரை அனுமதித்திருந்தது. பகல் வெளிச்சம் உள்ளே வரும்படி கட்டிடத்தை முதலில் அமைத்து, கருவிகளை அதன் பின் வைத்தார்கள். மேலே 930 கிலோவாட் சூரிய மின்சாரத் தகடுகள். இது ஒன்றால் ஆயிரக்கணக்கான சர்க்கார் காரியாலயங்களின் பாவம் கழியாது என்பது வேறு விஷயம்.

அந்த ஆயிரக்கணக்கான காரியாலயங்களைப் பற்றித்தான் சட்டசபை அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். தங்கள் ராஜ்யத்தில் இவ்விதி எந்தத் தேதியில் அமுலுக்கு வந்தது? அதன்படி அனுமதி பெற்ற கட்டிடங்கள் எத்தனை? அவற்றில் விளக்குப் போட்ட பிறகு அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தவை எத்தனை? வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை உபயோகிக்க உத்தேசம் உண்டா? வாடகைக் கம்பெனிகளுக்குத் தனி மீட்டர் கட்டாயமாகுமா? கடைசியாக, தலைமைச் செயலகத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் எரியும் விளக்குகளுக்கு மாதம் எத்தனை யூனிட் செலவாகிறது என்பதை வாசலில் ஒரு பலகையில் எழுதிவைக்க மந்திரிகள் சம்மதிப்பார்களா?